ஜெனரேட்டர் தனி

எங்கள் நைனாவின் ஆள்காட்டி விரலை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகுவதற்கென்றே கடவுள் கொடுத்த விரல் அது. போன வைகாசியில் அது என் வாழ்க்கையையும் சேர்த்துத் திருகப் பார்த்தது.

எங்களுடையது அமிர்தசாமி சவுண்ட் சர்வீஸ், செஞ்சி. அமிர்தசாமி என்பது நைனா, என் அப்பா. சர்வீஸ் என்பது நான், எஸ்தர். மரம் ஏறி ஹாரன் குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் வேலை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டுப் போடுவது அவர் வேலை. பொம்பளைப் பிள்ளை மரம் ஏறுகிறதே என்று கேட்பவர்களிடம், நீங்கள் வந்து ஏறுங்கள், நான் கீழே நின்று இதே கேள்வியைக் கேட்கிறேன் என்பேன். இரண்டாவது முறை யாரும் கேட்டதில்லை.

எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நம்பர். வேன் கதவில் அந்த நம்பர், ஹாரன் குழாய்களின் வயிற்றில் அந்த நம்பர், ரேஷன் கார்டில் அந்த நம்பர், காஸ் சிலிண்டருக்கும் அதே நம்பர். கல்யாணத் தரகரிடமும் அம்மா அதைத்தான் கொடுத்துவைத்திருந்தாள். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் போன் வாயை மூடாது. மரத்தின் மேல் இருக்கும்போது கால் வரும், அதை எடுப்பதற்குள் பத்து மெசேஜ் வந்து விழும். எனக்கு டென்ஷன் தலைக்கேறும்.

அதனால்தான் ஒரு வேலை செய்தேன். நைனா பாட்டுப் போடும் பழைய டேப்லெட்டையும் என் போனையும் ஒரே கணக்கில் கோத்துவிட்டேன். போனுக்கு வரும் மெசேஜ் எல்லாம் டேப்லெட்டிலும் வரும், அங்கிருந்தே பதில் போடலாம். போன் காலையும் அப்படியே அங்கே எடுக்கலாம்தான். ஆனால் அதை அணைத்துவைத்தேன். டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கர் ஒரு திருவிழா மழையில் நனைந்து செத்துப்போனது. அதற்குள் எந்தச் சத்தம் வந்தாலும் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்க் குழாயில்தான் கேட்கும். மாலை மாற்றும் நேரத்தில் யாராவது கூப்பிட்டு, "எஸ்தரு, சீரியல் செட்டு எரியல" என்றால் மண்டபமே கேட்கும். எனவே கால் என் இலாகா, மெசேஜ் நைனா இலாகா என்று பிரித்துக்கொண்டோம். நான் மெசேஜ் பக்கமே போகமாட்டேன்.

நைனாவுக்கு எழுத்துக் கூட்டித் தட்ட வராது. அவருக்காக இரண்டு பதில்களைத் தயாராக எழுதி வைத்துக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். முதலாவது: "எங்களுக்குத் தோதுப்படாது. மன்னிக்கவும். – அமிர்தசாமி சவுண்ட் சர்வீஸ்." இரண்டாவது: "ஜெனரேட்டர் தனி. – அமிர்தசாமி சவுண்ட் சர்வீஸ்." வைகாசித் தேதிகள் எல்லாம் நிரம்பிவிட்டதால் யார் கேட்டாலும் முதல் பதில். அதற்குப் பிறகும் விடாமல் ஏதாவது கேட்டால் இரண்டாவது; ஜெனரேட்டருக்குத் தனி வாடகை என்றால் தானாக ஓடிவிடுவார்கள். தினமும் சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, எல்லாருக்கும் பதில் போட்டுவிட்டேன் என்று ஏதோ கலெக்டர் ஆபிஸ் ஃபைலை முடித்தவர் போலச் சொல்வார். நானும் மெச்சிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க விமல்ராஜ் வந்தார். பனமலைக்காரர். திண்டிவனத்தில் ரத்தம் டெஸ்ட் செய்யும் இடத்தில் வேலை. வந்ததிலிருந்து பஜ்ஜியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எங்கள் வீட்டுத் தரையைத்தான் பார்த்தார். தனியாகப் பேசச் சொல்லி வேனுக்குப் பக்கத்தில் விட்டார்கள். அவர் பேசுவதாகத் தெரியவில்லை. சரி, இது ஆகாது, பஜ்ஜி சுடச்சுட இருக்கும்போதே உள்ளே போவோம் என்று நான் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீன்றீங்களே. யாருமே ஏங்க ஃபோர்னு சொல்றதில்ல?"

மூன்று சொல்வதற்குள் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், அதனால்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதை யோசித்தார். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவரின் முகம்.

"அப்ப ஃபோரு சும்மா சந்தோசத்துக்கு சொல்லிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான், நான் காலி. இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் தடவை ஒன் டூ த்ரீ சொல்லியிருப்பேன், இப்படி ஒருத்தரும் யோசித்ததில்லை. எனக்கு அவர் வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது, வேண்டும், அவ்வளவுதான்.

போகும்போது அவருடைய அம்மா, பையனிடம் கேட்டுவிட்டு போன் பண்ணுகிறோம் என்றார். பண்ணவில்லை. ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது, மூன்றாவதும் போனது. நான் சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், குளிக்கப் போகும்போது பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போனேன். எவனாவது பந்தல் லைட்டுக்குக் கூப்பிட்டால் கடித்துக் குதறினேன். அம்மா நாமே கூப்பிட்டுக் கேட்கலாமா என்றாள். பெண் வீட்டுக்காரர்கள் அலையக் கூடாது என்று நைனா தலையை ஆட்டினார். அந்தத் தலையும் அந்த விரலும் ஒரே உடம்பில்தான் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்து அம்மன் கோயிலில் காதுகுத்து. விழா தாண்டவராயன் வீட்டு விழா. ரிடையர்டு கண்டக்டர், விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்தக்கூடிய குரல். அவர் பேத்தி அனுவுக்குத்தான் காது குத்தினார்கள். பாட்டு ஒரு நொடி நிற்கக் கூடாது, நின்றால் குழந்தை அழும், குழந்தை அழுதால் தனக்கு பி.பி. ஏறும் என்று காலையிலேயே என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். தலையாட்டிவிட்டு வேப்ப மரத்தில் ஏறி, கோட்டைப் பக்கம் இரண்டும் ரோட்டுப் பக்கம் இரண்டுமாக நான்கு குழாயைக் கட்டினேன்.

இறங்கி வந்து போனை ஜெனரேட்டர் மேல் வைத்துவிட்டு முகம் துடைத்தேன். துடைத்து முடித்துப் பார்த்தால் போன் இல்லை.

கோட்டைக் குரங்குகளைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாம்பூலத் தட்டு வாழைப்பழத்துக்கு வந்த ஒன்று, பழம் கிடைக்காத எரிச்சலில் என் போனைத் தூக்கிக்கொண்டு இடிந்த மதில் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஓரத்தைக் கடித்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நான் வாழைப்பழத்தை நீட்டிக் கெஞ்சினேன். அது ஒரு கையால் பழத்தை வாங்கிக்கொண்டு மறு கையால் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, கோயில் பக்கம்.

இன்றைக்குப் பார்த்து விமல்ராஜின் அம்மா கூப்பிட்டால் என்ன ஆகும். போன் அடித்தால் குரங்கு பயந்து விட்டெறியும், கீழே முழுக்கப் பாறை. ஒரே வழிதான் இருந்தது. டேப்லெட்டில் நான் அணைத்துவைத்த போன் காலைத் திறந்துவிட வேண்டும். கால் வந்தால் இங்கே டக்கென்று எடுத்துவிடலாம், அங்கே அடிப்பது நின்றுவிடும். வேனில் இருக்கும் நெட் டப்பா புண்ணியத்தில் அதெல்லாம் நடக்கும். நைனாவிடமிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி, பாட்டை ஓடவிட்டபடியே, காலைத் திறந்தேன். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மெசேஜுக்குள் போனேன். அங்கே பெயரில்லாத நம்பர்களுக்கு நடுவில் ஒன்று கிடந்தது.

"வணக்கம். நான் விமல்ராஜ். நேரில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் சரி என்றால் அம்மாவைப் பேசச் சொல்லவா?"

அதற்குக் கீழே: "எங்களுக்குத் தோதுப்படாது. மன்னிக்கவும். – அமிர்தசாமி சவுண்ட் சர்வீஸ்."

அதற்குக் கீழே, மறுநாள், பாவம் அவர்: "காரணம் தெரிந்துகொள்ளலாமா?"

அதற்கும் கீழே: "ஜெனரேட்டர் தனி. – அமிர்தசாமி சவுண்ட் சர்வீஸ்."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை, இரண்டும் மூக்கு வழியாக ஒன்றாக வந்தன. பிடித்திருக்கிறது என்று ஒருத்தர் சொல்லி இருபது நாள் ஆகியிருக்கிறது, நான் குளியலறையில் பாலிதீன் பையோடு நின்றிருக்கிறேன்.

"இன்னா நைனா பண்ணி வச்சிருக்க" என்று திரையை அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சுருங்கியது. பெயர் வராத நம்பர் எல்லாம் புக்கிங் கேட்கும் பார்ட்டி என்றுதானே படிக்காமலே தட்டினேன் என்றார். பார்ட்டிதான் நைனா, மாப்பிள்ளை பார்ட்டி என்றேன். அவர் தன் விரலைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது, ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

கூப்பிட்டுப் பேசினால் குழாயில் கேட்கும். அதனால் மெசேஜ் தட்டினேன். "நான் எஸ்தர். அது நான் அனுப்பிய பதில் இல்லை, நைனா விரல் பட்டது. என் போன் குரங்கிடம் இருக்கிறது. ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிறேன்." அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். புத்தி சரியில்லாதவள் எழுதியது போலத்தான் இருந்தது. திருத்த நேரமில்லை. தாண்டவராயன், ஆரம்பிக்கலாம் என்று கத்திவிட்டார்.

அனுவைத் தாய்மாமன் ஆனந்தராஜின் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அதைப் பார்த்ததும் அனு மூச்சை இழுத்து அழ ஆரம்பித்தது. தாண்டவராயன் என்னைப் பார்த்துச் சத்தத்தை ஏற்று என்று கையைக் காட்டினார். நைனா குமிழை முழுக்கத் திருகினார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. நான்கு குழாயிலும் டிரிங் டிரிங் என்று போன் அடித்தது, செஞ்சிக் கோட்டைக்கே யாரோ போன் போட்டது போல. மதில் மேல் குரங்கின் கையிலும் அதே சத்தம். குரங்கு துள்ளி எழுந்து போனைத் தலைக்கு மேல் தூக்கியது. எறியப் போகிறது. நான் டேப்லெட்டைத் தட்டிக் காலை எடுத்தேன்.

"ஹலோ... எஸ்தருங்களா?"

அவர் குரல். நான்கு குழாயிலும். கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தது. அனு அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி மேலே பார்த்தது. என் கை ஒயருக்குப் போனது. உருவினால் போதும், மானம் தப்பும். ஆனால் உருவினால் எனக்கும் அவர் குரல் கேட்காது. செத்துப்போன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைக் கேட்பது. ஒயரைப் பிடித்தபடியே நின்றேன்.

"நீங்க அனுப்பினத இப்பதான் பாத்தேன். எனக்கு ஒண்ணும் புரியலங்க. கடைப் பேரு போட்டு வேணாம்னு சொல்லிட்டீங்க. காரணம் கேட்டா ஜெனரேட்டர் தனின்றீங்க. இப்ப குரங்குன்றீங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அனுவின் அம்மா வசந்தா வாயில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினாள். இரண்டு பெண்கள் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

"உங்க நைனாவுக்குப் பிடிக்கலையா, உங்களுக்கே பிடிக்கலையான்னு மட்டும் சொல்லிடுங்க. நாங்க இப்ப திருவண்ணாமலைக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டிருக்கோம். வேன்ல அம்மா, மாமா எல்லாம் இருக்காங்க."

கூட்டம் ஒரே குரலில் ஐயையோ என்றது. நான் டேப்லெட்டில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு, எனக்குச் சம்மதம், எனக்குச் சம்மதம் என்று ரகசியமாகச் சொன்னேன். ஹலோ ஹலோ என்று அவர் குழாயிலிருந்து கேட்டார். எதுவும் கேட்கவில்லை, ஒரே எதிரொலியாக இருக்கிறது, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி ஹலோ. அப்புறம் அவர் குரல் தணிந்துபோனது.

"சரிங்க. பரவால்ல. வச்சிடறேன்."

நைனாதான் மைக்கை எடுத்து என் முன்னால் நீட்டினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மைக்கில் பேசினால் குழாயில் வரும், குழாயில் வருவது டேப்லெட்டுக்குக் கேட்கும், டேப்லெட்டுக்குக் கேட்டால் அவருக்குக் கேட்கும். அவருக்கு மட்டுமா, கோட்டையில் டிக்கெட் வாங்கி ஏறுகிறவர்கள் வரைக்கும் கேட்கும். கேட்கட்டும். ஊர்க்காரர்களின் கல்யாணம், கருமாதி, காணாமல்போன ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் நான்தானே இதில் அறிவித்திருக்கிறேன். என்னுடையதை மட்டும் ரகசியமாக வைத்து என்ன செய்யப் போகிறேன்.

மைக்கைப் பிடித்தேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஹலோ மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

மரத்துக் குழாயைப் பார்த்தேன். பிறகு நான்கு குழாயிலும் மெதுவாக வந்தது.

"ஃபோர்."

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குது" என்றேன். "திருவண்ணாமலைக்குப் போவாதீங்க."

ராஜகிரிப் பாறை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. போவாதீங்க, வாதீங்க என்று மலை முழுக்க ஓடியது. கூட்டம் கை தட்டியது. அந்தச் சந்தடியில் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். அனு அழவே இல்லை, அதுவும் கை தட்டிக்கொண்டிருந்தது. பி.பி. ஏறும் என்ற தாண்டவராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார்.

குழாயில் அவர் குரல் திணறியது. "ஏங்க, நீங்க பேசறது போன்லயும் கேக்குது, வெளியிலயும் கேக்குது. நான் பேசறதும் வானத்துலர்ந்து வருது. அம்மா பயப்படறாங்க."

ரோட்டைப் பார்த்தேன். திருவண்ணாமலை போகும் ரோடு எங்கள் கோட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அங்கே ஒரு வெள்ளை வேன் ஓரம் கட்டி நின்றிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே வந்து, வேப்ப மரத்துக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அண்ணாந்த முகத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

வேனிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். அவருடைய அம்மா கையில் பழத்தட்டு, மாமா கையில் பூ. திருவண்ணாமலைக்காரர்களுக்கு மாமா அங்கேயே நின்று போன் செய்து, இன்றைக்கு வரத் தோதுப்படாது, மன்னிக்கவும் என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நைனா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் யாரோ, அவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன், ஆனால் அது வேறு இடமாக.

பழத்தட்டில் ஆப்பிள் இருந்தது. மதில் மேல் இருந்த குரங்கு அதைப் பார்த்தது. அது ஆப்பிளுக்கு இரண்டு கையும் தேவைப்படும் ஜாதி போல. போனை மதில் சந்திலேயே பொத்தென்று போட்டுவிட்டு, இறங்கி வந்து, மாப்பிள்ளை அம்மாவின் தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு போனது. அந்த அம்மா பயந்துபோய் மீதித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். தட்டு கைமாறிவிட்டதே, அப்புறம் என்ன என்று வசந்தா குலவையிட்டாள். போன் ஓரத்தில் ஒரு பல் தடத்தோடு பிழைத்துக்கொண்டது. விமல்ராஜ் என் முன்னால் வந்து நின்று மறுபடியும் தரையைப் பார்த்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா டேப்லெட்டைத் தொடமாட்டேன் என்று சாதித்தார். சம்பந்தியிடமிருந்து மெசேஜ் வந்தால்கூட என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய பதில் இரண்டையும் அழித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன்: "சம்மதம். மகிழ்ச்சி. – அமிர்தசாமி." சம்பந்தி தேதி கேட்டு அனுப்பியபோது, நைனா ஜெபம் செய்துவிட்டு அதைத் தட்டினார். உடனே அங்கிருந்து கும்பிடு போட்ட கை ஒன்று வந்தது. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அந்த உற்சாகத்தில் மனுஷர் அதன் பிறகு வந்த எல்லாருக்கும் அதையே தட்டியிருக்கிறார் என்பது ஆவணியில், எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தெரிந்தது. அதே தேதிக்கு மேல்மலையனூரில் ஒன்று, சீயமங்கலத்தில் ஒன்று, செஞ்சிக்குள்ளேயே ஒன்று. எங்களிடம் இருந்த குழாய், பெட்டி, ஜெனரேட்டர் எல்லாம் வேறு வேறு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டன. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எங்கள் வரவேற்புக்கு, இத்தனை வருடமாக எங்களோடு முறைத்துக்கொண்டிருந்த ஜெயராமன் மைக் செட்டைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அந்த ஆளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜெனரேட்டர் தனி என்றான். கதை அவன் காதுவரைக்கும் போயிருந்தது.

மண்டபத்தில் அவன் பெட்டி ம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருந்தது. வாழ்த்த வந்தவர்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை நேரம்தான் பொறுப்பது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். விமல்ராஜ் மாலையோடு பின்னால் வந்து டார்ச் அடித்தார். எர்த் ஒயர் கழன்று கிடந்தது. சொருகினேன், இரைச்சல் நின்றது. மைக்கை எடுத்து ஒன், டூ, த்ரீ என்றேன்.

முன் வரிசையில் தாண்டவராயன் வீட்டார் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள், காதில் கம்மலோடு அனுவும். அவர்கள்தான் ஆரம்பித்தது. மண்டபமே ஃபோர் என்று கத்தியது. அதில் நைனாவின் குரல் தனியாகக் கேட்டது. நான் மைக்கை ஜெயராமனிடம் கொடுத்துவிட்டு மேடைக்குத் திரும்பினேன்.